மாடியிலிருந்தே நெபுலாவும் கேலக்ஸியும்: முதல்முறை படமெடுப்பவர்களுக்கு

ஒரு பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா, 50 மி.மீ. லென்ஸ், ஆடாமல் நிற்கும் ட்ரைபாட். இவ்வளவு இருந்தால் தை மாத இரவில் உங்கள் வீட்டு மாடியிலிருந்தே ஓரியன் நெபுலாவைப் படமெடுக்கலாம். சுமார் 1,300 ஒளியாண்டு தொலைவில், புது நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கும் வாயு மேகம் அது. டெலஸ்கோப் வேண்டியதில்லை, வண்டி பிடித்து மலைக்குப் போகவும் வேண்டியதில்லை.

இது விஞ்ஞானிகளின் வேலை என்று நினைத்து ஒதுங்குகிறவர்கள் நிறைய. ஆனால் இந்தக் கலையைத் தொடங்கி வைத்ததே வீட்டிலிருந்து வானம் பார்த்தவர்கள்தான். ஓரியன் நெபுலாவை முதன்முதலில் படமெடுத்த ஹென்றி டிரேப்பர் ஓர் அமெரிக்க மருத்துவர். 1880 செப்டம்பர் 30 அன்று, தன் வீட்டு ஆய்வகத்தில் 51 நிமிடம் ஒளிபட வைத்து எடுத்தார். லண்டனை அடுத்த ஈலிங்கில் வசித்த ஆண்ட்ரூ காமன் தொழிலால் பொறியாளர். 1883-இல் தன் தோட்டத்து டெலஸ்கோப்பால் அதே நெபுலாவை எடுத்தபோது, கண்ணுக்குத் தெரியாத நட்சத்திரங்களும் தகட்டில் விழுந்தன. ஆண்ட்ரோமெடா என்னும் கேலக்ஸியின், அதாவது கோடிக்கணக்கான நட்சத்திரங்கள் சேர்ந்த கூட்டத்தின், சுருள் கைகளை 1888-இல் படத்தில் காட்டிய ஐசக் ராபர்ட்ஸ் கட்டடத் தொழில் செய்தவர். அவர்கள் ஒரு மணி நேரம் காத்திருந்து வாங்கிய ஒளியை இன்றைய சென்சார் அதைவிட மிகக் குறைந்த நேரத்தில் பிடித்துவிடுகிறது.

இந்தக் கட்டுரை முழுக்க நான் வலியுறுத்தப் போவது ஒன்றைத்தான். படத்தின் தரத்தைத் தீர்மானிப்பது கருவியின் விலையை விட, ஒரே பொருளின் மீது நீங்கள் மொத்தமாக எவ்வளவு நேரம் ஒளி சேர்த்தீர்கள் என்பது. முதல் இரவு இருபது நிமிடம் சேர்ப்பீர்கள். பழகிய பிறகு ஒரே நெபுலாவுக்குப் பத்து மணி நேரம் சேர்ப்பீர்கள். நடுவில் இருப்பதெல்லாம் அந்த நேரத்தை வீணாக்காமல் இருக்கும் வழிகள்.

ஒரு படம் போதாது, ஏன்?

நெபுலாவிலிருந்து வரும் ஒளி மிகவும் மங்கல். ஒரே படத்தில் அந்த ஒளியும் இருக்கும், சென்சாரின் இரைச்சலும் ஊர் வெளிச்சத்தின் இரைச்சலும் இருக்கும். இரைச்சல் என்பது படத்தில் மணல் தூவியது போலத் தெரியும் புள்ளிகள். ஒவ்வொரு படத்திலும் அது வேறு வேறு இடத்தில் விழும். நெபுலாவோ எல்லாப் படத்திலும் அதே இடத்தில் இருக்கும். திருவிழாக் கூட்டத்தில் ஆளாளுக்குத் தங்கள் கதையைப் பேசினால் வெறும் சத்தம்தான் கேட்கும். அத்தனை பேரும் 'கோவிந்தா' என்றால் அந்த ஒரு சொல் மட்டும் மேலே எழும். நூற்றுக்கணக்கான படங்களைக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுக்கும்போது நடப்பது இதுதான். இதை ஸ்டாக்கிங் என்பார்கள்.

கணக்கு எளிது. படங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலம் எவ்வளவோ, அத்தனை மடங்கு படம் தெளியும். 100 படம் அடுக்கினால் 10 மடங்கு. 400 அடுக்கினால் 20 மடங்கு. அதாவது தெளிவை இரட்டிப்பாக்க வேண்டுமானால் நேரத்தை நான்கு மடங்காக்க வேண்டும். முதல் ஒரு மணி நேரம் காட்டும் முன்னேற்றத்தைப் பத்தாவது மணி நேரம் காட்டாது. அதனால் ஆரம்பத்தில் ஒரே இரவில் ஐந்து பொருளுக்கு ஓடாமல், ஒன்றிலேயே நில்லுங்கள்.

எதை, எப்போது

தமிழ்நாட்டிலும் இலங்கையின் வடக்கிலும் இருப்பவர்களுக்கு வானம் ஒரு பெரிய சலுகை தந்திருக்கிறது. நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் வடக்கு வானத்தின் ஆண்ட்ரோமெடாவும் தெரியும், ஐரோப்பாவிலிருந்து பார்க்கவே முடியாத தெற்கு வானத்தின் கரினா நெபுலாவும் தெரியும். பருவமழைதான் இடைஞ்சல். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மேகத்தை நம்ப முடியாது. ஜனவரி பிறந்ததிலிருந்து ஏப்ரல் வரை நமக்கு அறுவடைக்காலம்.

முதல் படத்துக்கு ஓரியன் நெபுலாதான். வேறு யோசனையே வேண்டாம். ஒரே வரிசையில் நிற்கும் மூன்று நட்சத்திரங்கள் எல்லோருக்கும் தெரியும். அவற்றுக்குத் தெற்கே சின்னதாக ஒரு நட்சத்திரக் கொத்து தொங்கும். அதன் நடுவில் கொஞ்சம் கலங்கினாற்போல் தெரிவதுதான் நெபுலா. ஊருக்கு வெளியே வெறும் கண்ணுக்கே தெரியும். ஏறத்தாழ ஒரு பாகை அகலம், நிலவைப் போல இரு மடங்கு. பிப்ரவரி தொடக்கத்தில் இரவு எட்டரை மணியளவில் நம் தலைக்கு மேல் கொஞ்சம் தெற்கே சாய்ந்து நிற்கும். அதே நேரத்தில் நேர் கீழே தெற்குத் தொடுவானம் வரை தடையில்லாமல் தெரிகிற இடத்தில் இருந்தால், 50 மி.மீ. லென்ஸை அங்கே திருப்பிப் பாருங்கள். பெரிய மெகல்லன் மேகம் என்னும் கேலக்ஸி அங்கே இருக்கிறது. கன்னியாகுமரியிலிருந்து பார்த்தால் தொடுவானத்துக்கு மேல் 12 பாகை, சென்னையில் 7 பாகைதான். தென்கோடியில் இருப்பவர்களுக்கே அது கைக்கு எட்டும்.

சித்திரை பிறக்கும் வாரத்தில் இரவு ஒன்பது மணியளவில் நேர் தெற்கே கரினா நெபுலா உச்சத்துக்கு வரும். திரிசங்கு என்று நாம் சொல்லும் தெற்குச் சிலுவைக்குக் கொஞ்சம் மேற்கே தேடுங்கள். அது ஓரியனை விடப் பெரிய நெபுலா, ஆனால் மதுரையில் 20 பாகை உயரம்தான் ஏறும். பங்குனியில் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்தால் தனுசு ராசியில் லகூன், டிரைஃபிட் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே சட்டகத்துக்குள் அடங்கும். ஆண்ட்ரோமெடா கேலக்ஸிக்கு மழை முடிந்த பொங்கல் சமயம் ஏற்றது. இருட்டியதும் வடமேற்கில் இருக்கும். 25 லட்சம் ஒளியாண்டு தூரம் இருந்தும் வானத்தில் மூன்று பாகை நீளத்துக்குப் பரந்திருப்பதால் 135 மி.மீ. லென்ஸே அதற்குப் பொருத்தம்.

ஸ்டெல்லேரியம் என்னும் இலவச மென்பொருளில் உங்கள் ஊரையும் தேதியையும் கொடுத்தால் எது எந்த நேரத்தில் எந்தப் பக்கம் இருக்கும் என்று முன்கூட்டியே பார்த்துவிடலாம். உங்கள் கேமராவின் சென்சார் அளவையும் லென்ஸின் குவியத் தூரத்தையும் (50 மி.மீ., 135 மி.மீ. என்பது அதுதான்) கொடுத்தால் சட்டகத்துக்குள் எவ்வளவு அடங்கும் என்பதையும் காட்டும். அமாவாசைக்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் நமக்கு உரியது. பௌர்ணமியை ஒட்டிய நாட்களை மற்ற வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் இரவு

1. பொழுது சாய்வதற்கு முன்பே மாடிக்குப் போய் இடத்தைப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டி, தென்னை, பக்கத்து வீட்டு வராந்தா விளக்கு, இவை எந்தப் பக்கத்தை மறைக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத மாடியானால், இருட்டில் விளிம்புப் பக்கம் போகாமல் நடுவிலேயே ட்ரைபாடை வையுங்கள். பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லி ஒரு மணி நேரம் விளக்கை அணைக்கச் சொன்னால் பெரும்பாலும் அணைத்துவிடுவார்கள். படத்தையும் அவர்களுக்குக் காட்டுங்கள்.

2. கேமராவை முழு மேனுவலுக்கு மாற்றுங்கள். படக்கோப்பு ரா வடிவில் இருக்கட்டும். ஜேபெக் கூடாது, அது மங்கலான விவரங்களை அப்போதே தூக்கி எறிந்துவிடும். ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) 1600, ஒயிட் பேலன்ஸ் பகல் வெளிச்சம். நீண்ட எக்ஸ்போஷருக்கான நாய்ஸ் ரிடக்‌ஷனை அணைத்துவிடுங்கள், அது பாதி நேரத்தைத் தின்றுவிடும். லென்ஸில் ஸ்டெபிலைசேஷன் இருந்தால் அதையும் அணைக்க வேண்டும்.

3. எஃப் 1.8 லென்ஸாக இருந்தால் அதன் திறப்பை (அபெர்ச்சரை) எஃப் 2.8-க்குக் குறைத்து வையுங்கள். முழுதும் திறந்து எடுத்தால் ஓரத்து நட்சத்திரங்களுக்கு இறக்கை முளைத்துவிடும்.

4. ஃபோகஸ். இதற்கு எவ்வளவு நேரம் செலவழித்தாலும் தகும். ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிட்டுச் சிரியஸ் போன்ற பிரகாசமான நட்சத்திரத்தை லைவ் வியூவில் (கேமராவின் பின்திரையில்) கொண்டுவந்து பத்து மடங்கு பெரிதாக்குங்கள். வளையத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். நட்சத்திரம் ஊதிய வட்டமாக இருந்து சுருங்கிக்கொண்டே வரும், ஒரு புள்ளியாகும், திருப்பிக்கொண்டே போனால் மறுபடி ஊதத் தொடங்கும். புள்ளியான இடத்துக்குப் பின்வாங்குங்கள். மலிவான லென்ஸ்களில் ஒரு பக்கம் போனால் புள்ளியைச் சுற்றி ஊதா விளிம்பும் மறுபக்கம் போனால் பச்சை விளிம்பும் தெரியும். இரண்டுக்கும் நடுவில்தான் சரியான இடம். கிடைத்ததும் வளையத்தின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். லென்ஸில் முடிவிலிக் குறி போட்டிருக்கிறதே என்று அதை நம்ப வேண்டாம், பெரும்பாலும் சரியாக இருக்காது.

5. எக்ஸ்போஷர் நேரம் மூன்று நொடி. ஏன் மூன்று? பூமி சுழல்வதால் நட்சத்திரங்கள் நொடிக்கு 15 வில்விநாடி நகர்கின்றன (ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு ஒரு வில்விநாடி). உங்கள் கேமராவின் பிக்சல் அளவை மைக்ரானில் எடுத்து 206-ஆல் பெருக்கி, லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் ஒரு பிக்சல் வானத்தில் எத்தனை வில்விநாடி என்று கிடைக்கும். 4 மைக்ரான் பிக்சலும் 50 மி.மீ. லென்ஸும் என்றால் சுமார் 16. ஆக, நொடிக்கு ஏறத்தாழ ஒரு பிக்சல் ஓட்டம். மூன்று நொடியில் நட்சத்திரம் லேசாக நீண்டிருக்கும், கண்ணை உறுத்தாது. பலரும் சொல்லும் '500 விதி'ப்படி, அதாவது 500-ஐக் குவியத் தூரத்தாலும் சென்சாரின் கிராப் மடங்காலும் வகுத்தால், சாதாரண ஏபிஎஸ்-சி சென்சார் கேமராவுக்கு ஆறு ஏழு நொடி வரும். இன்றைய சிறிய பிக்சல்களுக்கு அது அதிகம். 135 மி.மீ. லென்ஸ் என்றால் ஒரு நொடிக்கு மேல் போகாதீர்கள்.

6. ஒரு படம் எடுத்துப் பாருங்கள். சாம்பலும் ஆரஞ்சும் கலந்த வானம், அதில் நகத்தின் நுனி அளவு இளஞ்சிவப்புக் கறை. பார்த்ததும் ஏமாற்றமாகத்தான் இருக்கும். அந்தக் கறை தெரிந்தால் போதும். ஹிஸ்டோகிராமின் (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடத்தின்) மேடு இடது ஓரத்தில் ஒட்டாமல், கால்வாசி முதல் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் இருக்க வேண்டும். நடுவைத் தாண்டினால் ஐஎஸ்ஓவைக் குறையுங்கள்.

7. இண்டர்வலோமீட்டரில் (இடைவெளி விட்டுத் தானாகப் படமெடுக்க வைக்கும் கருவியில்) 400 படம் என்று அமைத்து ஓடவிடுங்கள். கேமராவிலேயே இந்த வசதி இருந்தால் அதுவே போதும். விரலால் பொத்தானை அழுத்த வேண்டாம், ஒவ்வொரு முறையும் ஆடும். மிரர்லெஸ் கேமராவானால் எலக்ட்ரானிக் ஷட்டரைப் பயன்படுத்துங்கள். ஒரே இரவில் நூற்றுக்கணக்கில் எடுக்கும் வேலையில் மெக்கானிகல் ஷட்டரின் ஆயுள் வேகமாகக் கரையும்.

8. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நெபுலாவை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். அந்த நேரத்தில் வானம் இரண்டரை பாகை நகர்ந்திருக்கும். இதனால் ஒரு நன்மையும் உண்டு: சென்சாரின் கெட்ட பிக்சல்கள் ஒவ்வொரு தொகுப்பிலும் நெபுலாவின் வேறு வேறு பகுதியில் விழுவதால் ஸ்டாக்கிங்கில் மறைந்துவிடும்.

400 படம், மூன்று நொடி வீதம், மொத்தம் 20 நிமிட ஒளி. கடைசியில் இன்னும் ஐம்பது படம் அரை நொடியில் எடுத்து வையுங்கள். நெபுலாவின் நடுப்பகுதி மற்ற இடத்தைவிட மிகவும் பிரகாசம். நீண்ட எக்ஸ்போஷரில் அது வெள்ளையாக வெந்துவிடும். அங்கே இருக்கும் ட்ரபீசியம் என்ற நான்கு இளம் நட்சத்திரங்களைக் காப்பாற்ற இந்தக் குறுகிய படங்கள் உதவும். 50 மி.மீ. லென்ஸில் அவை பிரிந்து தெரியாது. நீளமான லென்ஸுக்குப் போகும்போது தெரியும்.

பனி ஒரு தனி விஷயம். மார்கழி, தை இரவுகளில் லென்ஸ் கண்ணாடி மீது ஈரம் படிவது கண்ணுக்கே தெரியாது; படத்தில் நட்சத்திரங்களைச் சுற்றி ஒளிவட்டம் வரும், அப்புறம் எல்லாம் மங்கிவிடும். அரை மணிக்கு ஒருமுறை சின்ன டார்ச்சைச் சாய்த்துக் காட்டிக் கண்ணாடியைப் பாருங்கள். துடைக்காதீர்கள், மறுபடி படியும், கறையும் விழும். பவர் பேங்கில் ஓடும் யுஎஸ்பி ஹீட்டர் பட்டை ஒன்றை லென்ஸின் முன்பக்கம் சுற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. கையில் காசு இருந்தால் டெலஸ்கோப்புக்கு முன் இதைத்தான் வாங்கச் சொல்வேன்.

கேமராவை உள்ளே கொண்டுபோகும் முன்

இன்னும் கொஞ்சம் படம் எடுக்க வேண்டும், வானத்தை அல்ல. லென்ஸ் மூடியைப் போட்டுவிட்டு, அதே ஐஎஸ்ஓ, அதே மூன்று நொடியில் முப்பது படம். இவை டார்க் படங்கள். சூடான பிக்சல்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று இவை சொல்லிவிடும். அவற்றை மாடியிலேயே, அதே வெப்பத்தில் எடுக்க வேண்டும். ஒவ்வொரு ஆறு ஏழு பாகை செல்சியஸ் ஏறும்போதும் சென்சாரின் வெப்ப இரைச்சல் ஏறத்தாழ இரட்டிப்பாகும். நம் ஊர் ஏப்ரல் இரவில் இது லேசுப்பட்ட விஷயமில்லை. வீட்டுக்குள் ஏசி அறையில் எடுத்த டார்க் பொருந்தாது.

அடுத்து ஃபிளாட். லென்ஸின் ஓரம் இருட்டாக இருப்பதையும் சென்சார் மேல் இருக்கும் தூசியையும் சரிசெய்ய இது வேண்டும். வெள்ளை வேட்டித் துணியை இரண்டாக மடித்துச் சுருக்கமில்லாமல் லென்ஸின் முன் கட்டி, லேப்டாப்பின் வெண்திரைக்கு நேராகப் பிடித்து முப்பது படம். ஃபோகஸையும் அபெர்ச்சரையும் தொடவே கூடாது. ஹிஸ்டோகிராம் நடுவில் இருக்கும்படி ஷட்டர் நேரத்தை மட்டும் மாற்றலாம். கடைசியாக மூடியைப் போட்டு, கேமராவின் மிகக் குறுகிய ஷட்டர் நேரத்தில் முப்பது, இவை பயஸ். ஆரம்பத்தில் சோம்பலாக இருந்தால் பயஸை விடலாம், டார்க்கைத் தள்ளிப்போடலாம், ஃபிளாட்டை மட்டும் விடாதீர்கள். ஊர் வெளிச்சத்தில் எடுத்த படத்தைக் காப்பாற்றுவது அதுதான்.

கணினியில்

சிரில் என்ற இலவச மென்பொருளைப் பரிந்துரைக்கிறேன். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். டீப்ஸ்கைஸ்டாக்கரும் நல்லதுதான், ஆனால் அது அடுக்குவதோடு நின்றுவிடும். சிரிலில் அடுக்கியதற்குப் பிறகான வேலையையும் அங்கேயே செய்யலாம்.

நான்கு வகைப் படங்களையும் லைட்ஸ் (வானப் படங்கள்), டார்க்ஸ், ஃபிளாட்ஸ், பயசஸ் என்று ஆங்கிலத்தில் பெயரிட்ட நான்கு கோப்புறைகளில் போட்டு, சிரிலில் உள்ள தயார் ஸ்கிரிப்டை ஓட்டினால் அதுவே எல்லாவற்றையும் திருத்தி, நட்சத்திரங்களை ஒத்துவைத்து, அடுக்கித் தந்துவிடும். அதற்குமுன் எல்லா வானப் படங்களையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். விமானம், மேகம், ட்ரைபாட் ஆடியது, இவை உள்ள படங்களை நீக்கிவிடுங்கள். செயற்கைக்கோள் கோடு ஒன்றிரண்டு இருந்தால் பரவாயில்லை, அடுக்கும்போது தானாகவே கழிந்துவிடும்.

வந்த படத்தைத் திறந்தால் கன்னங்கரேல் என்று இருக்கும். பயப்படாதீர்கள். திரையின் கீழே காட்சி முறையை ஆட்டோஸ்ட்ரெட்ச் என்று மாற்றுங்கள். அந்த நொடியில் இருட்டிலிருந்து நெபுலா எழுந்து வரும், சிறகு விரித்த பறவையின் வடிவில். கூடவே ஒரு பக்கம் ஆரஞ்சு, ஒரு பக்கம் பச்சை என்று ஊர் வெளிச்சமும் வரும். இப்போது செய்ய வேண்டியவை, இதே வரிசையில்:

முதலில் ஓரங்களை வெட்டிவிடுங்கள். எல்லாப் படங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக விழாத பகுதி அங்கேதான் இருக்கும். பிறகு பின்னணி நீக்கம். படத்தின் மேல் புள்ளிகள் வைத்து 'இது வெறும் வானம்' என்று மென்பொருளுக்குக் காட்டுவீர்கள். நெபுலாவின் மேல் விழுந்த புள்ளிகளைக் கட்டாயம் நீக்குங்கள், இல்லாவிட்டால் நெபுலாவையே அழுக்கு என்று துடைத்துவிடும். இந்த ஒரு வேலைக்கு கிராக்ஸ்பெர்ட் என்ற இலவச மென்பொருள் இன்னும் நன்றாக இருக்கும். அடுத்து வண்ணத் திருத்தம்: லென்ஸின் குவியத் தூரத்தையும் பிக்சல் அளவையும் கொடுத்தால், சிரில் படத்தில் உள்ள நட்சத்திரங்களை அடையாளம் கண்டு, அவற்றின் உண்மையான நிறத்தோடு ஒப்பிட்டுச் சரிசெய்யும். அதன் பிறகே ஸ்ட்ரெட்ச், அதாவது மங்கலான பகுதியை மேலே கொண்டுவருதல். இதைக் காட்சி முறைக்குச் செய்யாமல் படத்துக்கே செய்ய வேண்டும். ஒரேயடியாக இழுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக நான்கைந்து தடவை செய்யுங்கள்.

இங்கே என் கருத்து ஒன்று. பின்னணி வானத்தை முழுக் கறுப்பாக்காதீர்கள். அடர் சாம்பலாக விட்டால், நெபுலாவின் ஓரத்தில் மெல்ல மெல்லக் கரையும் தூசி மேகங்கள் தங்கும். கறுப்பாக்கினால் இரைச்சல் மறையும், அவையும் சேர்ந்தே போகும். வண்ணத்தை மிகையாக ஏற்றுவதும் அப்படித்தான். அத்தனை இரவும் சேர்த்த ஒளி இருக்கும்போது அலங்காரம் தேவைப்படாது.

ட்ராக்கரும், ஒளிந்திருக்கும் துருவ நட்சத்திரமும்

சில மாதம் இப்படி எடுத்துப் பழகிய பிறகு, பூமியின் சுழற்சிக்கு ஈடாகக் கேமராவைத் திருப்பும் ட்ராக்கர் வாங்கலாம். ஒரு நல்ல கைப்பேசியின் விலை ஆகும். மூன்று நொடி இருந்த இடத்தில் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் எடுக்கலாம். 135, 200 மி.மீ. லென்ஸ்கள் பயனுக்கு வரும்.

ஆனால் அதன் சுழல் அச்சை வான வடதுருவத்துக்கு நேராக வைக்க வேண்டும். வெளிநாட்டு வழிகாட்டிகள் எல்லாம் 'துருவ நட்சத்திரத்தைப் பார்த்து வையுங்கள்' என்று முடித்துவிடும். நமக்கு அது நடக்காது. துருவத்தின் உயரம் ஊரின் அட்சரேகைக்குச் சமம்: சென்னையில் 13 பாகை, மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் 10 பாகை, கன்னியாகுமரியில் 8. அது பக்கத்து வீட்டுத் தொட்டிக்குப் பின்னால் இருக்கும், இல்லாவிட்டால் தொடுவானத்துப் புகையில் கரைந்திருக்கும்.

அதற்கும் வழி உண்டு. முதலில் கைப்பேசித் திசைகாட்டியால் வடக்கைப் பிடித்து, சாய்வு காட்டும் செயலியால் அச்சின் உயரத்தை உங்கள் அட்சரேகைக்கு வையுங்கள். இங்கே காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் வேறுபாடு மிகக் குறைவு என்பதால் திசைகாட்டியே ஓரளவு அருகில் கொண்டுவிடும். கைப்பேசியை இரும்புக் கம்பிகளுக்கும் ட்ராக்கருக்கும் தள்ளிப் பிடியுங்கள். வைட் லென்ஸுக்கு இதுவே போதும்.

நீளமான லென்ஸுக்கு டிரிஃப்ட் முறை. நேர் தெற்கே, வான நடுக்கோட்டுக்கு அருகில் ஒரு நட்சத்திரத்தை லைவ் வியூவில் பெரிதாக்கி, ட்ராக்கரை ஓடவிட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். அது திரையில் தெற்கே நகர்ந்தால் அச்சு கிழக்கே அதிகம் போயிருக்கிறது. வடக்கே நகர்ந்தால் மேற்கே போயிருக்கிறது. அதைச் சரிசெய்த பிறகு கிழக்கில் தாழ்வாக இருக்கும் ஒரு நட்சத்திரத்தைப் பிடியுங்கள். அது தெற்கே நகர்ந்தால் அச்சு தாழ்ந்திருக்கிறது, வடக்கே நகர்ந்தால் உயர்ந்திருக்கிறது. திரையில் எது தெற்கு என்று குழப்பமானால் கேமராவைத் துளி வடக்கே சாய்த்துப் பாருங்கள். நட்சத்திரம் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அது தெற்கு. லேப்டாப் பயன்படுத்துகிறவர்களுக்கு நினா என்ற இலவச மென்பொருளில் மூன்று இடத்தில் படமெடுத்துக் கணக்கிடும் துணை நிரல் இருக்கிறது, துருவ நட்சத்திரமே தேவையில்லை. ஒருமுறை சரியாக அமைந்துவிட்டால் ட்ரைபாடின் மூன்று கால் இடத்தையும் தளத்தில் பெயிண்டால் குறித்துவிடுங்கள். அடுத்த இரவு பாதி வேலை மிச்சம்.

வாங்கும் முன் விற்பவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: அச்சு 8 முதல் 13 பாகை வரை இறங்குமா, அப்படி இறங்கும்போது எதிர் எடை ட்ரைபாடின் காலில் இடிக்குமா? கேமராவைத் தாங்கித் திருப்பும் இந்த மவுண்டுகள் பல, உயர் அட்சரேகை நாடுகளை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை.

ஊர் வெளிச்சம்

நகரத்தில் இருப்பவர்களுக்கு நேர்மையாகச் சொல்ல வேண்டிய கணக்கு இது. உங்கள் வானம் ஒரு நல்ல இருண்ட வானத்தைவிட 16 மடங்கு வெளிச்சமாக இருந்தால், அதே தரமான படத்துக்கு 16 மடங்கு நேரம் வேண்டும். அங்கே ஒரு மணி நேரம், இங்கே 16 மணி நேரம். முடியாதது இல்லை. ஒரு தை மாதம் முழுக்க ஒரே நெபுலாவைத் தொடர்ந்தால் வந்துவிடும்.

நெபுலாக்களுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது. அவற்றின் வாயு குறிப்பிட்ட சில அலைநீளங்களில்தான் ஒளிர்கிறது: ஹைட்ரஜன் 656.3 நானோமீட்டர் சிவப்பில், ஆக்சிஜன் 500.7 நானோமீட்டர் நீலப்பச்சையில். இந்த இரண்டை மட்டும் விட்டு மற்றதைத் தடுக்கும் டூயல் பேண்ட் ஃபில்டர் போட்டால் எல்இடி தெருவிளக்கின் வெளிச்சத்தில் பெரும்பகுதி வெளியே நின்றுவிடும். ஒரு எச்சரிக்கை: சாதாரண டிஎஸ்எல்ஆரின் உள்ளே இருக்கும் ஃபில்டர் அந்த ஹைட்ரஜன் சிவப்பில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். குதிரைத்தலை, ரோசெட் போன்ற சிவப்பு நெபுலாக்கள் அதில் சோகையாகத்தான் வரும். ஓரியன் பிரகாசமானது, அதனால் தப்பித்துவிடும். அந்த உள் ஃபில்டரை மாற்றித் தருபவர்கள் உண்டு. இந்த வேலைக்கென்றே ஒரு பழைய கேமரா வைத்திருப்பவர் அதைச் செய்துகொள்ளலாம்.

கேலக்ஸிக்கு எந்த ஃபில்டரும் பெரிதாக உதவாது. அது கோடிக்கணக்கான நட்சத்திரங்களின் ஒளி, எல்லா அலைநீளமும் கலந்தது. நிலா இல்லாத இரவும் நீண்ட நேரமும்தான் மருந்து. சொந்த ஊர் கிராமத்தில் இருந்தால் பொங்கல் விடுமுறையில் கேமராவையும் எடுத்துப் போங்கள், ஆண்ட்ரோமெடாவை அங்கிருந்து எடுங்கள். மற்ற கேலக்ஸிகள் சிறியவை. அஸ்தத்துக்கும் சித்திரை நட்சத்திரத்துக்கும் நடுவில் இருக்கும் சோம்பிரெரோ கேலக்ஸி வானத்தில் ஒரு பாகையில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. மே தொடக்கத்தில் இரவு பதினொரு மணிக்குத் தெற்கே ஏறும் சென்டாரஸ் ஏ அதைவிடப் பெரியது, நமக்கு 33 பாகைக்கு மேல் உயரும். குறுக்கே தூசிப்பட்டை ஓடும் அந்தக் கேலக்ஸியை எடுக்க 400 மி.மீ.க்கு மேல் குவியத் தூரம் வேண்டும், ட்ராக்கரும் வேண்டும். டெலஸ்கோப் வாங்க யோசிக்க வேண்டிய கட்டம் அதுதான்.

இவ்வளவும் வேண்டாம், பெட்டியைத் திறந்து வைத்தால் படம் வர வேண்டும் என்பவர்களுக்கு சீஸ்டார் போன்ற ஸ்மார்ட் டெலஸ்கோப்புகள் வந்துவிட்டன. சீஸ்டார் எஸ் 50-இல் 50 மி.மீ. திறப்பு, 250 மி.மீ. குவியத் தூரம், டூயல் பேண்ட் ஃபில்டரும் உள்ளேயே இருக்கிறது. வயதானவர்களுக்கும் பள்ளிகளுக்கும் நான் தயங்காமல் சொல்வேன். மேலும் கீழும் பக்கவாட்டிலும் திரும்பி வானத்தைத் தொடரும் கருவி அது என்பதால், பொருள் தலைக்கு மேலே இருக்கும்போது படம் வேகமாகச் சுழலும். நம் ஊரில் ஓரியன் தலையை ஒட்டித்தான் போகும். ஆகவே அது உச்சிக்கு வரும்வரை காத்திருக்காமல், கிழக்கில் ஏறும்போதோ மேற்கில் இறங்கும்போதோ எடுங்கள். அந்தத் திசைகளில் சுழற்சி கிட்டத்தட்ட இல்லை.

எதில் எடுத்தாலும் மூலப் படங்களை அழிக்காதீர்கள். நெபுலாவின் பெயர், தேதி, லென்ஸ், எக்ஸ்போஷர் நேரம் எழுதிய கோப்புறையில், அந்த இரவின் ஃபிளாட், டார்க்குடன் சேர்த்து ஹார்ட் டிஸ்கில் வையுங்கள். அடுத்த தையில் அதே லென்ஸில் எடுக்கும் படங்களையும் அவற்றோடு சேர்த்து அடுக்கலாம். இந்த ஆண்டு இரண்டு மணி நேரம் என்றால் அடுத்த ஆண்டு ஐந்தாகும், கேமரா அதேதான்.